புகைவீட்டுக்குப் போன கார் மெத்தைகள்

பெரிய துரை லீவில் சீமைக்குப் போனபோது என்னிடம் ஒரே ஒரு வேலையை விட்டுவிட்டுப் போனார். அவருடைய மோட்டார் காரில் பூஞ்சை பிடிக்கக் கூடாது. அவ்வளவுதான். இதைச் சொன்னால் ஈப்போவில் வளர்ந்த என் பேரப்பிள்ளைகள் இதெல்லாம் ஒரு வேலையா என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பீடோர் பக்கத்து மழைக்காலத்தில் ஒரு தோல் செருப்பைக் கட்டிலுக்கு அடியில் மறந்துவிட்டுப் பார்க்கட்டும். அடுத்த வாரம் எடுத்தால் அதற்கு மயிர் முளைத்திருக்கும்.

எங்கள் ரப்பர் தோட்டம் மலையடிவாரத்தில் இருந்தது. மத்தியானம் தாண்டினால் மழை. மழை இல்லாத நாளில் மரங்களே வேர்த்துக்கொண்டு நிற்கும். துரை பங்களா மேட்டில். அதற்குக் கீழே, மூங்கில் புதருக்குப் பக்கத்தில், பலகைச் சுவர் வைத்த மோட்டார் கொட்டகை. அந்தக் காலத்துக் காரில் இரும்பு என்று பார்த்தால் இஞ்சினும் சக்கரமும்தான். மற்றதெல்லாம் மரம், தோல், கித்தான் துணி. உட்காரும் மெத்தைக்குள் குதிரை மயிர் அடைத்திருக்கும். பூஞ்சைக்கு இதைவிடப் பெரிய விருந்து கிடையாது.

நான் அந்தக் காரின் கிளீனர். பழைய மலாய்க்கார டிரைவர் வேலையை விட்டுவிட்டுப் பாகான் டத்தோவில் தன் தென்னந்தோப்புக்கே போய்விட்டார். அவர் இருக்கும்போதே ஸ்டோர் மைதானத்தில் சுற்றிச் சுற்றி எனக்கு ஓட்டப் பழக்கியிருந்தார். துரை கப்பலேறப் புறப்பட்ட அன்று படியில் நின்று, தன் ஓட்டைத் தமிழில் சொன்னார்: “காரு நான் விட்ட மாதிரி இருந்தா, நீ டிரைவர். பின்னால ரூம் உனக்கு.”

டிரைவர் வேலைகூட இரண்டாம்பட்சம்தான். எனக்கு வேண்டியது அந்த அறை. கொட்டகைக்குப் பின்னால், தரையிலிருந்து உயர்த்திப் பலகை பாவி, கிழக்கே ஜன்னல் வைத்த ஒற்றை அறை. காலையெல்லாம் வெயில் உள்ளே விழும். நாங்கள் இருந்த கூலிக்காரர் லயத்தில் வெயில் எட்டிப் பார்த்ததே இல்லை. மண் தரை, ஒழுகுகிற கூரை, சுவரில் கை வைத்தால் பச்சையாக ஒட்டும். எங்கள் முதல் பிள்ளை அந்தச் சுவரோரம்தான் படுத்துக் கிடந்து, இரைத்து இரைத்து, மழைக்காலம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்தது. துரை கார் மெத்தையில் பூஞ்சை வராமல் பார்க்க ஆள் போட்டார்கள். லயத்துச் சுவரில் வந்ததைப் பார்க்க ஒரு நாதியில்லை.

துரை புறப்பட்ட கொஞ்ச நாளில் என் பெண்சாதி மறுபடி முழுகாமல் இருந்தாள். எனக்குச் சாப்பாடு கொண்டுவரும் சாக்கில் கொட்டகைக்கு வந்து, அந்த அறையின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பாள். “இங்க பொறந்தா பிள்ள தங்கும்ங்க” என்பாள்.

அதனால் நான் அந்தக் காரைப் பார்த்துக்கொண்ட மாதிரி என் உடம்பைக்கூடப் பார்த்துக்கொண்டதில்லை. வெயில் ஏறியதும் இரண்டு கதவையும் விரியத் திறந்து காற்றோட விடுவேன். மழைக்கறுப்பு கண்டதும் சாத்துவேன். மெத்தைகளைக் கழற்றி இளவெயிலில் நிறுத்தி, உச்சிக்கு முன் எடுத்துவிடுவேன். இல்லாவிட்டால் தோல் வெடிக்கும். காடியில் நனைத்துப் பிழிந்த துணியால் தையலெல்லாம் துடைத்து, மறுபடி காய்ந்த துணியால் ஒரு துடை. மேல்கூரைத் துணியை மடக்கி வைக்கவே மாட்டேன். மடிப்புக்குள்தான் முதலில் கறுப்புப் புள்ளி விழும். மெத்தைக்கு அடியில் கூடையில் அடுப்புக்கரி, மூலைக்கு மூலை உடைந்த சட்டியில் சுண்ணாம்புக்கல். அது ஈரம் குடித்துப் பொடிந்தால் வேறு மாற்றுவேன். வந்து போகிறவர்கள் எல்லாம், “தேங்காயெண்ணெ தடவுலா, பளபளன்னு இருக்கும்” என்று யோசனை சொல்வார்கள். எண்ணெயைத் தின்று பூஞ்சைதான் கொழுக்கும் என்று இவர்களுக்கு எத்தனை தடவை சொல்வது?

இப்படியே போயிருந்தால் ஒரு குறையும் வந்திருக்காது. நடுவில் சின்ன துரைக்கு ஒரு சந்தேகம் முளைத்தது. பெரிய துரை இல்லாதபோது அதிகாரம் அவர் கையில். ஏதோ தோட்டத்தில் துரை ஊரில் இல்லாத நேரம் பார்த்து அவர் காரைக் கல்யாண ஊர்வலத்துக்கு எடுத்துப்போனார்களாம். உடனே எங்கள் கொட்டகைக்குப் பூட்டு. சாவி அவர் மேசைக்குள் போய்விட்டது. அடைமழை தொடங்கியிருந்த நேரம் அது.

நான் ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். கணக்கெழுதுகிற பெரிய கிராணியிடம் கையைக் கட்டிக்கொண்டு, “ஐயா, தொறந்து விடலேன்னா பூசணம் பூத்திரும்ங்க. தொரைகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க” என்றேன்.

“காரு என்ன ஊறுகாயாடா, கெட்டுப் போறதுக்கு? போய் வேலையப் பாரு” என்றார் கிராணி. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வேலையே அதுதான் என்று அவரிடம் சொல்ல முடியுமா?

பெரிய துரை பினாங்கில் இறங்கிவிட்டார், வாரக் கடைசியில் தோட்டத்துக்கு வருகிறார் என்று தெரிந்த பிறகுதான் சாவியை என் கையில் போட்டார்கள். பூட்டு துருப்பிடித்திருந்தது. கதவைத் திறந்ததும் நனைந்த நாயும் புளித்த மாவும் சேர்ந்த மாதிரி ஒரு வாடை. மெத்தை முழுக்க அரிசி மாவு தூவினது போல வெள்ளை. தையல் ஓரங்களில் பச்சை. பிடித்து ஓட்டுகிற மரச் சக்கரத்தில்கூடப் பூத்திருந்தது. கரியெல்லாம் ஈரத்தில் கனத்துக் கிடந்தது, சுண்ணாம்பு கூழாகிவிட்டது. நான் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். எனக்கு அப்போது தெரிந்தது கார் இல்லை. என் பெண்சாதியின் வயிறுதான் தெரிந்தது.

அழுது முடித்து, நேரே என் மச்சானிடம் போனேன். மச்சான் என்றால் என் பெண்சாதிக்கு உடன்பிறந்த அண்ணன். எங்களோடு ஒரே கப்பலில் வந்தவன். இந்த நாட்டில் அவளுக்கு அப்பன், ஆத்தாள், பிறந்த வீடு எல்லாமே அவன் ஒருத்தன்தான். கல்யாணம் ஆகாத ஆள். ராச்சோறு எங்கள் வீட்டில். புகைவீட்டில் நெருப்புப் பார்க்கிற வேலை அவனுக்கு. ரப்பர் ஷீட்டுகளை மூங்கில் கழிகளில் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டி, நாள்கணக்கில் புகை காட்டுவார்கள். அப்போதுதான் ஷீட் பழுப்பேறிக் காயும், பூஞ்சை பிடிக்காது.

என்னைப் பார்த்ததும், “என்னா மச்சான், எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்க?” என்றான். சொன்னேன். அவன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

“இதுக்கா இவ்ளோ கவலப்பட்டு சூசாப்படுற? ரப்பர் ஷீட்ல பூசணம் வந்தா நாம என்னா செய்றோம்? பொகையில போடுறோம்லா. மெத்தையையும் போட்ருவோம்.”

“தோலு சுருங்கிராதா மச்சான்?”

“மாட்டுத் தோலு. உசுரோட இருக்கிறப்ப எவ்ளோ வெயிலு பாத்திருக்கும்! ஒண்ணும் ஆவாது. பொகைவீட்டுச் சாவி என்கிட்டதானே இருக்கு? கங்காணி இந்தப் பக்கம் வர்றதுக்குள்ள தூக்கிட்டு வா. நான் பாத்துக்கிறேன்.”

நான் பாத்துக்கிறேன். இந்த ஒரு சொல்லை நம்பித்தான் போனேன். ரப்பர்க் காட்டில் எல்லாரும் பால் வெட்டிக்கொண்டிருந்த நேரத்தில் மெத்தைகளைத் தலையில் சுமந்துகொண்டு வந்தேன். அவன்தான் பூட்டைத் திறந்தான், அவன்தான் மேல் கழியில் ஏற்றி இரண்டு பக்கமும் ஷீட்டைத் தொங்கவிட்டு மறைத்தான், அவன்தான் பச்சை விறகாகப் பார்த்துப் போட்டான். “நல்லாப் பொகையட்டும்” என்று சொல்லிக் கையைத் தட்டிக்கொண்டான். எங்கள் இரண்டு பேரைத் தவிர ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது.

வெளியே எடுத்தபோது பூஞ்சை இருந்த இடம் தெரியவில்லை. யார் என்ன சொன்னாலும் சரி, பூஞ்சை போய்விட்டது. அதை நான் எந்தச் சபையிலும் சொல்வேன். தோல்தான் நிறம் மாறியிருந்தது. வெளிர் மஞ்சளாக இருந்தது கருப்பட்டி நிறத்துக்கு வந்திருந்தது. “பாரு மச்சான், முன்னைக்கு இப்பதான் அழகு!” என்று அவன் என் முதுகில் தட்டினான். சோப்புப் போட்டுத் துடைத்தேன், காற்றாட வைத்தேன். புகை வாடை கொஞ்சம் இருந்தது. தோட்டத்தில் எல்லார் மேலும் அந்த வாடைதான், எனக்குப் பெரிதாகப் படவில்லை.

துரை வந்தார். தனியாக வரவில்லை, புதுப் பெண்சாதியோடு வந்தார். மாலையும் மேளமுமாக வரவேற்பு நடந்தது. மறுநாள் காலை துரைசாணிக்குத் தோட்டத்தைச் சுற்றிக் காட்ட அவரே காரை எடுத்தார். நான் துடைத்து நிறுத்தியிருந்த காரைச் சுற்றி வந்து, என்னைப் பார்த்து ஒரு தலையாட்டு. போதும், அறை நம்முடையது என்று நினைத்துக்கொண்டேன். மெத்தை நிறம் வேறாக இருக்கிறதே என்று அவர் நெற்றியைச் சுருக்கினார். அந்தம்மா பேச்சுக் கொடுத்ததும் அப்படியே ஏறிவிட்டார்.

வெயிலில் நெடுநேரம் சுற்றிவிட்டு ஆபீஸ் முன்னால் வந்து நின்றார்கள். பால் நிறுக்க வந்த ஆண், பெண் எல்லாம் அங்கேதான் இருந்தோம். துரைசாணி இறங்கித் திரும்பினார். பிடரியிலிருந்து முழங்கால் வரைக்கும், அந்த வெள்ளைவெளேர் கவுனில், கருப்பட்டிப் பாகை ஊற்றினது போல ஒட்டிக்கொண்டிருந்தது. மெத்தையில் படிந்திருந்த புகைக்கீல் வெயிலில் இளகிவிட்டது. “அய்யோ ஆத்தா!” என்று ஒரு பொம்பிளை களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். துரை மெத்தையை அழுத்திப் பார்த்தார். தோல் அப்பளம் மாதிரி நொறுங்கி, உள்ளே இருந்த குதிரை மயிர் பிதுங்கியது.

அங்கேயே விசாரணை. நான் ஒன்றையும் மறைக்கவில்லை. பூட்டிப் போட்டது, பூஞ்சை வந்தது, புகையில் போட்டது எல்லாம் சொன்னேன். “என் மச்சான்தாங்க சொன்னாரு. அவருதான் தொறந்து போட்டாரு. கூப்பிட்டுக் கேளுங்க” என்றேன். சின்ன துரை பூட்டு விஷயத்தைக் காதில் வாங்காதவர் போல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். மச்சானைக் கூட்டி வந்தார்கள். புகைவீட்டில் கண்டதைப் போட்டால் அவன் வேலைக்குத்தான் முதல் உலை என்று துரை முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

“எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க தொரை” என்றான். குரல் நடுங்கவே இல்லை. “அன்னைக்கு எனக்குக் காச்சல். தங்கச்சி புருசனாச்சேன்னு சாவியக் குடுத்துட்டுப் போயிப் படுத்துட்டேன். இப்படி செய்வாருன்னு நான் கண்டனா?”

நேற்றிரவு என் வீட்டில் கருவாட்டுக் குழம்பு ஊற்றித் தின்றவன்! “டேய், என் மூஞ்சியப் பாத்து சொல்லுடா!” என்று பாய்ந்தேன். இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். அப்போதுதான் நான் வாயைத் திறந்து அதைக் கேட்டுத் தொலைத்தேன். இன்றைக்கும் நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போல இருக்கும்.

“சூடம் அணைக்கச் சொல்லுங்க! மாரியாத்தா முன்னால சூடத்த அணைச்சிட்டு அவன் சொல்லட்டும். அப்புறம் நான் வாயத் தொறக்கல” என்றேன்.

எங்கள் தோட்டத்தில் சூடத்துக்கு மேல் கோர்ட்டு கிடையாது. எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து ஒருவன் சொல்லிவிட்டால் சொன்னதுதான். பொய்ச் சத்தியம் செய்தவனுக்குக் கை வெந்து போகும், வம்சம் விளங்காது என்று எல்லாரும் நம்பினோம். சூடத் தட்டைக் கண்டதும் காலில் விழுந்து உண்மையைக் கக்கினவர்களை நானே பார்த்திருக்கிறேன். துரைக்கும் இந்த வழக்கம் தெரியும். சண்டை சீக்கிரம் முடியும் என்று விட்டுவிடுவார். மச்சான் கோயில் வாசலுக்கு வருவதற்குள் உடைந்துவிடுவான் என்று நான் சூடத்தின் மேல் சத்தியமாக நம்பினேன். அழுதால் தூக்கிவிட்டு, பரவாயில்லை போ மச்சான் என்று சொல்லக்கூட மனசைத் தயார் பண்ணி வைத்திருந்தேன்.

அவன் குளித்து ஈர வேட்டியோடு வந்தான். பூசாரி தட்டில் சூடத்தைக் கொளுத்தினார். தோட்டமே கூடி நின்றது. என் பெண்சாதி பொம்பிளைகள் பக்கத்தில், இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஆத்தா சத்தியமா சொல்றேன். மெத்தைய நான் பொகையில போடல. போடச் சொல்லவும் இல்ல.” பட்டென்று அடித்தான். சூடம் அணைந்தது. கையை விரித்து எல்லாருக்கும் காட்டினான். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தான். அதில் வெட்கம் இல்லை, பயமும் இல்லை. ஒரு வேலையை முடித்த ஆள் பார்க்கிற மாதிரி இருந்தது.

“அடப்பாவி! ஆத்தா முன்னாலயாடா!” என்று கத்தினேன்.

கங்காணி என் தோளைப் பிடித்து அமுக்கினார். “வாய மூடுலா. நீதானே கேட்ட? அணைச்சாச்சு. இனிமே அவனச் சந்தேகப்பட்டா ஆத்தாளையே சந்தேகப்பட்ட மாதிரி.”

அவ்வளவுதான். பிறகு ஒருத்தரும் என் பக்கம் திரும்பவில்லை. நீயும் அணைக்கிறாயா என்று என்னைக் கேட்கக்கூட ஆளில்லை. மெத்தைகள் புதுத் தோல் போட ஈப்போவுக்குப் போயின. நான் பால் வெட்டக் காட்டுக்குப் போனேன். காரைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் யார் என்று துரை கேட்டபோது, சூடம் அணைத்தவனைவிட நம்பிக்கையான ஆள் வேறு யார் என்று கிராணி சொன்னாராம். கிளீனர் வேலை அவனுக்கு. பின்னால் இருந்த அறையும் அவனுக்கு.

வேலை போய்விடுமோ என்ற பயத்தில் ஒருவன் பொய் சொன்னால் அதை நான் விழுங்கிக்கொள்வேன். பயம் யாருக்குத்தான் இல்லை? ஆனால் அறையைக் கொடுத்தபோது வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தங்கச்சிக்குக் கொடுங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். தட்டுமுட்டுச் சாமானைத் தூக்கிக்கொண்டு போய் அன்றைக்கே ஏறிக்கொண்டான். கூட இருந்து தின்றுவிட்டுக் குழி பறித்தான். இத்தனை வருஷம் ஆகியும் என் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

எங்கள் வீட்டுப் பக்கம் அவன் வருவது நின்றது. என் பெண்சாதி தூக்குச்சட்டியில் சோறு போட்டு யார் கையிலாவது கொடுத்து அனுப்புவதை நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். யாரை நம்புகிறாய் என்று நான் அவளைக் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

மாதம் நெருங்கிய ஒரு காலையில், அடுப்படியில் இருந்தபடியே, “அண்ணே ஆள் சொல்லி விட்டுச்சு. பிள்ளைப்பேறு அங்க வச்சிக்கலாம், வான்னு” என்றாள்.

பிறந்த வீட்டில்தான் பிள்ளை பெறுவது. அவளுக்குப் பிறந்த வீடு அவன்தான். முறைப்படி ஒரு தப்பும் இல்லை. எனக்கோ உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது.

“அவன் பொய்ச் சத்தியம் செஞ்சவன்டி! உனக்கு நான் பொய்யன், அவன் யோக்கியன், அப்படித்தானே?” என்று கத்தினேன். “யாரும் என்னக் கேக்கல. நீயாவது பாரு. இப்பவே அணைக்கிறேன்.” சாமி படத்துக்கு முன்னால் இருந்த சூடத்தை எடுத்துத் தரையில் வைத்துக் கொளுத்தினேன். கையை ஓங்கினேன்.

அவள் பெரிய வயிற்றோடு அப்படியே மண்டியிட்டு, என் கை இறங்குவதற்குள் குனிந்து, வாயால் ஊதிவிட்டாள். விளக்கைக்கூட வாயால் ஊதினால் என்னைத் திட்டுகிறவள்.

“வேணாங்க” என்றாள். மூச்சு வாங்கியது. “அண்ணே அணைச்சது அணைச்சதாவே இருக்கட்டும். நீங்களும் அணைச்சிட்டா, அது பொய்ச் சத்தியம்னு ஆயிரும். அப்புறம் நான் எந்த வீட்ல போயிப் பெத்துக்கிறது?”

அவளுக்கு எல்லாம் தெரிந்தே இருந்தது. எந்த நாளிலிருந்து என்று நான் கேட்கவில்லை.

அவளுடைய பாயையும் துணி மூட்டையையும் எடுத்துக்கொண்டு, மேட்டுப் பாதையில் அவளுக்கு முன்னால் நடந்தேன். அறைக்கதவு திறந்திருந்தது. பலகைத் தரையை அலசி விட்டிருந்தான். எங்களைக் கண்டதும் எழுந்து வந்து, “வாங்க மச்சான், உள்ள வாங்க” என்றான். நான் பாயை அவன் கையில் கொடுத்தேன்.